பார்ப்பவர் ஒருவர், சுடுபவர் ஒருவர்: நட்பு நாட்டுக்கான உளவு உதவி – ஓர் எளிய விளக்கம்

2017 மே 23 அன்று தென் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் உள்ள மராவி நகரில் அரசுப் படைகளுக்கும் ஐ.எஸ். ஆதரவுக் குழுக்களுக்கும் இடையே சண்டை மூண்டது. ஜூன் 10 அன்று மணிலாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம், பிலிப்பைன்ஸ் அரசின் வேண்டுகோளை ஏற்று அமெரிக்கச் சிறப்புப் படையினர் அங்கே உதவி வருகின்றனர் என்று உறுதிப்படுத்தியது. மறுநாளே பிலிப்பைன்ஸ் அதிபர் ரோட்ரிகோ துதெர்தே, தாம் அமெரிக்காவிடம் உதவி கேட்டதில்லை என்றார். அவருடைய ராணுவத்தின் செய்தித் தொடர்பாளர்களோ, அமெரிக்கர்கள் சண்டையிடவில்லை, தொழில்நுட்ப உதவி மட்டுமே தருகின்றனர் என்று விளக்கினார்கள்.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் படிப்பவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து விடுகிறார்கள். உண்மையில் போரை நடத்துவது வல்லரசுதான், உள்ளூர் ராணுவம் வெறும் முகமூடி என்பது ஒரு பக்கம். நான்கு படங்களைக் கொடுத்தார்கள், அதிலென்ன பெரிய விஷயம் என்பது மறு பக்கம். இரண்டுமே நிலவரத்தைத் தவறவிடுகின்றன. உளவு உதவி என்பது படம் கொடுப்பதைவிட மிகப் பெரியது. போரை நடத்துவதைவிடச் சிறியது. அதில் கைமாறுவது எது, கைமாறாமல் நிற்பது எது என்று பார்த்தால்தான் யார் எதற்குப் பொறுப்பு என்பது தெளிவாகும். இக்கட்டுரை மராவியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதை விளக்க முயல்கிறது.

தோப்பும் மொட்டை மாடியும்

இரவில் ஒருவருடைய தென்னந்தோப்புக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். தோப்புக்காரர் கம்போடு உள்ளே போகிறார். மரங்களுக்கு நடுவே அவருக்குப் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று மாடி வீடும், சக்தி வாய்ந்த டார்ச் விளக்கும் இருக்கின்றன. அவர் மொட்டை மாடியில் ஏறி நின்று, எங்கே அசைவு தெரிகிறது என்று கூவிச் சொல்கிறார். அவர் கீழே இறங்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை.

எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் எத்தனை சிக்கல்கள் இருக்கின்றன என்று பாருங்கள். "இடப்பக்கம்" என்று அவர் கத்தினால் அது யாருடைய இடப்பக்கம்? அவர் சொல்லி முடித்து, இவர் திரும்பி ஓடுவதற்குள் ஆள் நகர்ந்துவிட மாட்டானா? மாடியிலிருந்து தெரிந்த உருவம் திருடன்தானா, சத்தம் கேட்டு உதவிக்கு ஓடி வந்த பண்ணையாளா? தவறான ஆள் அடிபட்டுவிட்டால் மறுநாள் ஊர் யாரைக் கேட்கும், காட்டிக் கொடுத்தவரையா, அடித்தவரையா? இன்னொன்றும் உண்டு: தம் மாடியிலிருந்து எவ்வளவு தூரம், யார் யார் வீட்டு முற்றம் வரை தெரியும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் முழுமையாக வெளியே சொல்லிவிட விரும்புவாரா?

உளவு உதவியின் பிரச்சினைகள் ஏறக்குறைய இவைதாம். ஒப்புமை இதோடு போதும். இனி உண்மையான ஏற்பாட்டுக்கு வருவோம்.

மூன்று சொற்கள்

இத்துறையில் மூன்று சொற்கள் எப்போதும் சேர்ந்தே வரும். ஓர் இடத்தையோ ஆளையோ நெடுநேரம் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது கண்காணிப்பு. குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு விடை தேடி ஒருமுறை போய்ப் பார்த்து வருவது வேவு. அந்தப் பாலம் இன்னும் நிற்கிறதா, அந்தக் கட்டடத்தின் மேல் யாராவது இருக்கிறார்களா என்பன போன்றவை அக்கேள்விகள். இவ்விரண்டிலும் கிடைத்தவற்றைப் பிற வழிகளில் வந்த செய்திகளோடு ஒப்பிட்டு, எடைபோட்டு, ஒரு தளபதி முடிவெடுக்கப் பயன்படும் வகையில் தருவது உளவுத்தகவல்.

மூன்றாவது சொல்லில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். விமானம் எடுத்த படம் உளவுத்தகவல் அல்ல, அது மூலப்பொருள். அந்தப் படத்தில் இருப்பவர் யார், அவர் ஏன் அங்கே நிற்கிறார், அடுத்து என்ன செய்யக்கூடும் என்று ஒருவர் உட்கார்ந்து கணித்த பிறகுதான் அது உளவுத்தகவல் ஆகிறது. எனவே ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு உளவு உதவி தருகிறது என்றால், தன் கண்ணோடு தன் கணிப்பையும் சேர்த்தே தருகிறது என்று பொருள்.

மராவியில் என்ன நடந்தது

தென் பிலிப்பைன்ஸின் ஆயுதக் குழுவான அபு சயாஃபின் தலைவர்களில் ஒருவரும், தென்கிழக்காசியாவுக்கான ஐ.எஸ். தலைவராக முன்னிறுத்தப்பட்டவருமான இஸ்னிலோன் ஹபிலோன் மராவியில் ஒரு வீட்டில் இருப்பதாகத் தெரியவந்து, அவரைப் பிடிக்க ராணுவமும் காவல்துறையும் சென்றன. ஒருவரைக் கைது செய்யப் போன இடத்தில், உள்ளூர் ஆயுதக் குழு ஒன்றை நடத்திய மௌட்டே சகோதரர்களின் ஆட்களும் சேர்ந்து நூற்றுக்கணக்கான ஆயுதபாணிகள் நகரத்தையே கைப்பற்றும் திட்டத்தோடு காத்திருந்தார்கள். அன்றிரவே மிண்டனாவோ முழுவதிலும் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. சண்டை ஐந்து மாதங்கள் நீடித்தது. அக்டோபர் 16 அன்று ஹபிலோனும் ஓமர் மௌட்டேயும் கொல்லப்பட்டனர். அக்டோபர் 23 அன்று போர் முடிந்ததாகப் பாதுகாப்புச் செயலர் டெல்ஃபின் லோரென்சானா அறிவித்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இடம்பெயர்ந்தார்கள். நகரின் மையப்பகுதி இடிபாடுகளாகியிருந்தது.

பிலிப்பைன்ஸ் ராணுவம் பல பத்தாண்டுகளாகக் காடுகளிலும் மலைகளிலும் கிளர்ச்சியாளர்களோடு போரிட்டுப் பழகியது. மராவியோ கான்கிரீட் நகரம். அங்கே 'ரீடோ' எனப்படும் குடும்பப் பகைகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்பவை என்பதால் பல வீடுகள் தடித்த சுவர்களோடும் நிலவறைகளோடும் கட்டப்பட்டிருந்தன. ஆயுதபாணிகள் வீட்டுக்கு வீடு சுவரில் ஓட்டை போட்டு, தெருவுக்கே வராமல் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நகர்ந்தார்கள். தெருவில் நிற்கும் சிப்பாய்க்கு அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாத நிலை. வெளியிலிருந்து ஒரு கண் தேவைப்பட்டது இதனால்தான்.

மேலே பறந்தவை

ஜூன் மாதத் தொடக்கத்திலேயே மராவியின் மேல் அமெரிக்காவின் பி-3 ஓரியன் வகை விமானம் வட்டமிட்டது. ஜூன் 23 அன்று ஆஸ்திரேலியப் பாதுகாப்பு அமைச்சர் மரீஸ் பெய்ன், தம் நாட்டின் இரண்டு ஏபி-3சி ஓரியன் விமானங்கள் தென் பிலிப்பைன்ஸின் மேல் கண்காணிப்பில் ஈடுபடும் என்று அறிவித்தார். செப்டம்பரில், கிரே ஈகிள் என்ற ஆளில்லா விமானமும் மராவிப் பணியில் உதவுவதாக அமெரிக்கத் தூதரகம் தெரிவித்தது.

ஓரியன் விமானம் கடலுக்கடியில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காக 1960-களில் வந்தது. நகரப் போருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நீர்மூழ்கியைத் தேடும் விமானத்துக்கு வேகம் முக்கியமல்ல. பத்து மணி நேரம் ஒரே பகுதியைச் சுற்றும் பொறுமையும், பல கருவிகளையும் அவற்றை இயக்குவோரையும் சுமக்கும் வயிறும் வேண்டும். நிலத்தின் மேல் கண்காணிக்கவும் தேவைப்படுவன அவையே. ஆளில்லா விமானங்களின் மதிப்பும் அதே பொறுமையில்தான் இருக்கிறது. ஆனால் 'ஆளில்லா' என்ற அடைமொழி சற்று ஏமாற்றக்கூடியது. ஓர் இடத்தை 24 மணி நேரமும் விடாமல் பார்க்க வேண்டுமென்றால் மூன்று அல்லது நான்கு விமானங்களும், இயக்குவோர், பராமரிப்போர், படம் பார்ப்போர் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் தேவைப்படுவார்கள். விமானத்துக்குள் மட்டும்தான் ஆள் இல்லை.

இவ்விமானங்களின் கருவிகள் பெரும்பாலும் மூன்று வகை. பகலில் தொலைவிலிருந்து படமெடுக்கும் ஒளிப்படக் கருவி ஒன்று. அடுத்தது, பொருள்களின் வெப்பத்தைப் படமாக்கும் அகச்சிவப்புக் கருவி. இருட்டிலும் ஓர் ஆளின் உடற்சூடு சுற்றுப்புறத்திலிருந்து தனித்துத் தெரியும். மூன்றாவது, கைப்பேசி, வாக்கி டாக்கி போன்றவை வெளிவிடும் அலைகளைப் பிடிக்கும் கருவி. இவ்வகையில் கிடைக்கும் தகவலைச் சமிக்ஞை உளவு என்பார்கள். ஒருவர் பேசுவதைக் கேட்க முடியாவிட்டாலும், எந்த நேரத்தில் எந்த இடத்திலிருந்து பேசினார் என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

திரைப்படங்கள் பரப்பிய ஒரு நம்பிக்கையை இங்கே களைய வேண்டும். அகச்சிவப்புக் கருவி கூரையையோ சுவரையோ ஊடுருவிப் பார்க்காது. அது காட்டுவது மேற்பரப்பின் வெப்பத்தை மட்டுமே. கான்கிரீட் தளத்துக்குக் கீழே நிலவறையில் பத்துப் பேர் இருந்தாலும், மேலேயிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது வெயிலில் சூடேறிய தளம்தான். மராவியில் சுவர் ஓட்டைகள் வழியே நகர்ந்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அவ்வளவு கருவிகள் வட்டமிட்டும் நகரத்தை மீட்க ஐந்து மாதங்கள் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: உதவும் நாடு பெரும்பாலும் தருவது நெடுநேரம் வானில் நிற்கக்கூடிய கண்களையும் காதுகளையும். அவை இருட்டில் பார்க்கும், தொலைவில் கேட்கும், கட்டடத்துக்குள்ளே பார்க்காது.

படம் தகவலாகும் இடம்

விமானத்திலிருந்து வீடியோ வந்துகொண்டே இருக்கிறது. அதை யார் பார்ப்பது? இந்த வேலையைச் செய்பவர்களைப் பகுப்பாய்வாளர்கள் என்று அழைக்கலாம். ஒரே தெருவை மணிக்கணக்காகப் பார்த்து, எந்த வீட்டுக்கு யார் சாப்பாடு கொண்டுபோகிறார்கள், எந்த மாடியில் நேற்றில்லாத மணல் மூட்டை இன்று இருக்கிறது, வழக்கமாக விளையாடும் குழந்தைகள் இன்று ஏன் வெளியே வரவில்லை என்பன போன்றவற்றைக் குறித்துக்கொண்டே போவது அவர்கள் பணி. செய்திகளில் விமானத்தின் பெயர் வரும், இவர்கள் வருவதில்லை. என்னைக் கேட்டால், இந்த உதவியின் விலை மதிப்பில் பெரும்பகுதி இவர்கள்தான். ஒரு விமானத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். பல ஆண்டுகள் பழகிய பகுப்பாய்வாளர்களை அப்படி வாங்க முடியாது.

அடுத்த சிக்கல் இரு நாடுகளையும் இணைப்பது. உதவும் நாட்டின் ரகசிய வலைப்பின்னலில் பெறும் நாட்டின் அதிகாரி நுழைய முடியாது. எனவே இரு தரப்பினரும் ஒரே அறையில் உட்காரும் ஏற்பாடு செய்யப்படும். அல்லது உதவும் நாட்டின் அதிகாரி ஒருவர் மறு தரப்பின் தலைமையிடத்தில் தங்கி, தகவலைப் பெற்று, அங்குள்ளவர்களுக்குப் புரியும் வகையில் சொல்வார். இவரைத் தொடர்பு அதிகாரி என்பார்கள். 'சண்டையிடாத சிறப்புப் படையினர்' என்று செய்திகளில் படிக்கும்போது, முழுமையாக அல்லவென்றாலும் ஓரளவுக்கு இந்த வேலையைத்தான் மனத்தில் கொள்ள வேண்டும்: ஒரு கையில் வரைபடம், மறு கையில் ரேடியோ, எதிரே உள்ளூர்த் தளபதி. அவர்களுடைய ஆபத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதைக் கூறவில்லை. போர் நடக்கும் ஊரில் தலைமையிடமும் ஓர் இலக்குதான்.

இந்த இணைப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை மராவி வேறொரு வகையில் காட்டியது. 2017 மே 31 அன்று பிலிப்பைன்ஸ் விமானப்படை வீசிய குண்டு, தம் சொந்த நாட்டு வீரர்கள் இருந்த இடத்திலேயே விழுந்து குறைந்தது 10 பேரைக் கொன்றது. வெளிநாட்டுத் தகவலால் நிகழ்ந்த தவறல்ல அது. ஒரே நாட்டின் விமானப்படையும் தரைப்படையும் ஓர் இலக்கைக் குறித்துப் பேசிக்கொள்வதே அவ்வளவு கடினம் என்பதற்கான சான்று. அந்த உரையாடலில் மூன்றாவதாக இன்னொரு நாடும், இன்னொரு மொழியும், இன்னொரு வரைபட முறையும் சேரும்போது கடினம் எத்தனை மடங்காகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மனிதர்கள் வழியே வரும் செய்தியின் இடத்தை இக்கருவிகள் பறித்துவிடுவதும் இல்லை. ஹபிலோனும் ஓமர் மௌட்டேயும் எந்தக் கட்டடத்தில் இருந்தார்கள் என்பதை இறுதியில் உறுதி செய்ய உதவியது, அவர்களிடமிருந்து மீண்ட பணயக் கைதி ஒருவர் தந்த தகவல். கொல்லப்பட்டவர் ஹபிலோன்தான் என்பதை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. மரபணுச் சோதனையின் மூலம் உறுதிப்படுத்தியது. உள்ளூர் மனிதரின் வாய்மொழியில் தொடங்கி வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் முடிந்த அந்தச் சங்கிலியே, இத்தகைய ஒத்துழைப்பு உண்மையில் எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல மாதிரி.

ஏன் எல்லாவற்றையும் கொடுப்பதில்லை

நட்பு நாடுதானே, கையில் இருப்பதை அப்படியே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கொடுக்க மாட்டார்கள். காரணம் பெரும்பாலும் தகவல் அல்ல, தகவல் வந்த வழி. ஒரு குழுவின் தலைவர் நாளை எங்கே இருப்பார் என்று ஓர் ஒட்டுக்கேட்பின் மூலம் தெரிந்தது என்றால், அந்தத் தகவல் கசிந்த மறுநாளே அவர் கைப்பேசியைத் தூக்கி எறிந்துவிடுவார். அந்த வழி நிரந்தரமாக அடைபடும். உளவாளி ஒருவர் சொன்னதாக இருந்தால் அவர் உயிரே போகும்.

ஆகவே மூலத்தை மறைத்து, சாரத்தை மட்டும் தருவது வழக்கம். "இன்ன கட்டடத்தில் இன்ன நேரத்தில் முக்கியமானவர் ஒருவர் இருக்க வாய்ப்புண்டு" என்ற வரி மட்டும் மறு தரப்புக்குப் போகும். எப்படித் தெரியும் என்பது போகாது. இதனோடு மூன்றாம் தரப்பு விதி என்று ஒன்றும் உண்டு: ஒரு நாட்டிடமிருந்து பெற்ற தகவலை அந்நாட்டின் அனுமதியின்றி வேறெவருக்கும் தரக்கூடாது. எழுதப்பட்ட ஒப்பந்தமாகவோ பழக்கமாகவோ உலகின் பெரும்பாலான உளவு அமைப்புகள் இதைக் கடைப்பிடிக்கின்றன.

பெறுபவருக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தகவல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதை எந்த அளவுக்கு நம்புவது? தந்தவர் சொல்லும் 'வாய்ப்புண்டு' என்பது பத்தில் ஒன்பதா, பத்தில் ஆறா? இதைச் சோதிக்கப் பெறுபவருக்குத் தன் சொந்த உளவு வலிமை வேண்டும். சொந்தமாக எதுவும் தெரியாத நாட்டுக்கு எவ்வளவு உதவி வந்தாலும் அதை எடைபோடத் தெரியாது.

பார்த்ததும் அறிந்ததும்

மேலேயிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஆட்கள் தெரிவார்கள். அவர்கள் யார் என்பது தெரியாது. இந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்பதற்கு மராவியை விட்டு ஒருமுறை துருக்கிக்குச் செல்ல வேண்டும்.

2007 நவம்பரில், குர்திஷ் ஆயுதக் குழுவான பி.கே.கே.வுக்கு எதிராக உடனுக்குடன் உளவுத்தகவல் தருவதாகத் துருக்கிக்கு அமெரிக்கா உறுதியளித்தது. அதன்படி வட ஈராக் எல்லையின் மேல் அமெரிக்க ஆளில்லா விமானங்கள் பறந்து, தாம் காண்பதைத் துருக்கியோடு பகிர்ந்துகொண்டன. 2011 டிசம்பர் 28 இரவு, உலுதெரே பகுதியின் எல்லையோரத்தில் கோவேறு கழுதைகளோடு வந்த ஒரு கூட்டத்தின் மீது துருக்கியின் போர் விமானங்கள் குண்டு வீசின. இறந்த 34 பேரும் எரிபொருளும் சிகரெட்டும் கடத்தி வந்த கிராமத்தினர். பலர் பதின்ம வயதினர்.

அந்தக் கூட்டத்தை முதலில் கண்டது அமெரிக்க ஆளில்லா விமானம் என்றும், தகவல் சொல்லப்பட்ட பிறகு அதை அங்கிருந்து விலகச் செய்துவிட்டுத் துருக்கி தானே முடிவெடுத்துத் தாக்கியது என்றும் 2012-இல் அமெரிக்க நாளிதழ் ஒன்று எழுதியது. துருக்கி ராணுவமோ, முதற்படம் தன் விமானத்திலிருந்தே வந்தது என்று மறுத்தது. 2014 ஜனவரியில் துருக்கி ராணுவ வழக்கறிஞர்கள் இதைத் தவிர்க்க இயலாத பிழை என்று கூறி வழக்கை முடித்துவிட்டார்கள்.

எது உண்மையாக இருந்தாலும் இயங்குமுறை பற்றிய பாடம் ஒன்றே. இரவில், ஆயுதக் குழுக்கள் பயன்படுத்தும் பாதையில், சுமையோடு ஒரு வரிசை எல்லையைக் கடக்கிறது. வெப்பப் படத்தில் எரிபொருள் கேனும் வெடிமருந்துப் பெட்டியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அந்தப் பாதையில் ஊர்க்காரர்கள் நெடுங்காலமாகக் கடத்தல் செய்து பிழைக்கிறார்கள் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது; அதை உள்ளூரில் விசாரித்துத்தான் அறிய வேண்டும்.

சுருக்கமாக: வந்து சேரும் தகவல் வடிகட்டப்பட்டது, அது காட்டுவது அசைவை, அடையாளத்தை அல்ல. எஞ்சிய தூரத்தைப் பெறும் நாடு தன் சொந்த அறிவால் கடந்தாக வேண்டும்.

உத்தரவு யாருடையது

இந்த ஏற்பாட்டில் கைமாறாமல் நிற்க வேண்டியது ஒன்றுதான்: தாக்கும் முடிவு. பிலிப்பைன்ஸில் இது வெறும் மரபல்ல, சட்டம். 1987 அரசியலமைப்பு, செனட் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கையின் கீழன்றி வெளிநாட்டுப் படைகள் அந்நாட்டில் இருக்கத் தடை விதிக்கிறது. 1951-இன் பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கையும் 1998-இல் கையெழுத்தான வருகைப் படைகள் ஒப்பந்தமும் அமெரிக்கர்களின் இருப்புக்கு அடிப்படை. அபு சயாஃப் குழுவுக்கு எதிராக அமெரிக்கர்கள் வந்தபோது தொடரப்பட்ட வழக்கில், 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பிலிப்பைன்ஸ் மண்ணில் அமெரிக்கப் படைகள் தாக்குதல் போரில் ஈடுபட முடியாது என்று தெளிவுபடுத்தியது. பயிற்சி தரலாம், ஆலோசனை சொல்லலாம், தாக்கப்பட்டால் தற்காத்துக்கொள்ளலாம். அந்த எல்லைக்குள்தான் 2002 முதல் 2015 வரை ஓர் அமெரிக்கச் சிறப்புப் படைப்பிரிவு மிண்டனாவோவில் இயங்கியது.

காகிதத்தில் போட்ட கோடு களத்தில் எவ்வளவு மெல்லியது என்பதை 2015 ஜனவரி 25 காட்டியது. ஜுல்கிஃப்லி அப்திர் என்ற மலேசிய வெடிகுண்டு நிபுணரைப் பிடிக்கப் பிலிப்பைன்ஸ் காவல்துறையின் சிறப்பு அதிரடிப் படை மமசபானோ என்ற ஊருக்குள் நுழைந்தது. இலக்கு கொல்லப்பட்டார்; ஆனால் திரும்பும் வழியில் சூழப்பட்டு 44 காவல் வீரர்கள் உயிரிழந்தார்கள். சொந்த ராணுவத்துக்கே உரிய நேரத்தில் தெரிவிக்கப்படாத அந்த நடவடிக்கையில் அமெரிக்கர்களின் உளவு உதவி இருந்தது என்பதைச் செனட் விசாரணை வெளிக்கொணர்ந்தது. கொல்லப்பட்டவரின் விரல் ஒன்று மரபணுச் சோதனைக்காக எஃப்.பி.ஐ.யிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்தச் செனட் அறிக்கையில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. சிக்கிக்கொண்ட காவலர்களுக்கு உதவப் பீரங்கியால் சுடும்படி அங்கிருந்த அமெரிக்கர் ஒருவர் ராணுவத்தின் ஆறாவது காலாட்படைப் பிரிவின் தளபதியிடம் சொல்ல, இங்கே தளபதி நானே, எனக்குக் கட்டளையிட வேண்டாம் என்ற பொருளில் அவர் மறுத்துவிட்டார். பீரங்கியால் சுடுவது சரியா தவறா என்ற வாதம் பிலிப்பைன்ஸில் நெடுநாள் நடந்தது; அதற்குள் நான் போகவில்லை. உளவு உதவி என்ற ஏற்பாட்டின் முழு இறுக்கமும் அந்த ஒரு மறுப்பில் தெரிகிறது என்பதே எனக்கு முக்கியம். திரையில் களத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு 'நான் பார்க்கிறேன், எனக்குத் தெரிகிறது, நீ ஏன் தாமதிக்கிறாய்' என்று தோன்றுவது மனித இயல்பு. அந்த இயல்பு உத்தரவாக மாறும் கணத்தில் உதவி என்ற சொல் பொருளிழந்துவிடும்.

மறு பக்கத்திலும் ஒரு வசதியான தப்பித்தல் உண்டு. தவறு நேர்ந்தால் உதவிய நாடு, நாங்கள் தகவல்தான் கொடுத்தோம், முடிவு அவர்களுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். பெற்ற நாடு, எங்களுக்கு வந்த தகவல் அப்படி இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டும் பாதி உண்மை என்பதால்தான் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பதில் கிடைப்பதில்லை. எனவே இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, வெளிநாட்டவர் துப்பாக்கி ஏந்தினார்களா என்பதைவிட, வேண்டுகோள் எந்த அதிகாரியிடமிருந்து, எந்தச் சட்டத்தின் கீழ்ச் சென்றது, இலக்கைத் தேர்ந்தவர் யார், சுடச் சொன்னவர் யார் என்று தேடுவது பயன் தரும். மராவியில் அதிபருக்கே தெரியாமல் ராணுவம் உதவி கேட்டிருந்தது என்றால், அது அமெரிக்காவைப் பற்றிய செய்தி என்பதைவிட மணிலாவின் ஆட்சி நடைமுறையைப் பற்றிய செய்தி.

கண்ணை மூடிக்கொண்டால்

கடன் வாங்கிய கண்ணைத் தந்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். 2019 அக்டோபரில் துருக்கி வட சிரியாவுக்குள் படை அனுப்பியதை அடுத்து, 2007-இல் தொடங்கிய அந்த உளவு ஒத்துழைப்பை அமெரிக்கா நிறுத்தியது. அதற்குள் துருக்கி சொந்தமாக ஆளில்லா விமானங்களைச் செய்யக் கற்றிருந்ததால் அதன் பாதிப்பு குறைவாகவே இருந்தது. பிலிப்பைன்ஸும் இதே திசையில் நகர முயன்றது. மராவிப் போர் நடந்துகொண்டிருந்த 2017 ஜூலையிலேயே இரண்டு செஸ்னா 208 கண்காணிப்பு விமானங்களை அமெரிக்காவிடமிருந்து பெற்றது; பின்னர் இஸ்ரேலிடமிருந்து ஹெர்மிஸ் வகை ஆளில்லா விமானங்களை வாங்கியது. 2020 பிப்ரவரியில் துதெர்தே வருகைப் படைகள் ஒப்பந்தத்தை முறிப்பதாக அறிவித்து, 2021 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றபோது, இந்த ஒத்துழைப்பு எந்த நூலில் தொங்குகிறது என்பது இரு தரப்புக்கும் தெரிந்தது.

சார்பு ஒருவழிப்பட்டதும் அல்ல. உதவும் நாட்டுக்கு விமானம் இறங்க ஓர் ஓடுபாதை வேண்டும். அது பெரும்பாலும் வேறொருவர் மண்ணில் இருக்கும். 2013-இல் மாலியில் போரிட்ட பிரான்சுக்கு உளவுத்தகவல் திரட்டித் தருவதற்காக அமெரிக்கா பக்கத்து நாடான நைஜருக்குச் சுமார் 100 பேரை அனுப்பியது. அங்கிருந்து வளர்ந்த ஏற்பாடு, சகாரா பாலைவனத்தின் விளிம்பில் உள்ள அகதேஸ் நகருக்கருகே 10 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு ஒரு தளம் கட்டும் அளவுக்குப் போயிற்று. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 2024 மார்ச்சில் புதிய ஆட்சியாளர்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அமெரிக்கப் படையினர் அகதேஸ் தளத்தை நைஜர் ராணுவத்திடம் ஒப்படைத்து வெளியேறினார்கள். தங்கள் விமானங்களை நிறுத்தக் கடலோர மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் மாற்று இடமும் தேடினார்கள்.